தோண்டிய பூமிக்கு உயிர் திரும்பியதா?

நஹ்மதுஹு வநுஸல்லீ அலா ரஸூலிஹில் கரீம். அம்மா பஃது.

  

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக! ஆமீன்.

நம் பள்ளிவாசலின் வக்ஃப் நிலத்தில் பழைய கிராவல் குழி ஒன்று இருப்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மண் எடுப்பது நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்த ஐப்பசி மழைக்கு முன் அங்கே மரக்கன்று நடப்போவதாக நிர்வாகம் அறிவித்திருக்கிறது. இளைஞர்கள் ஆர்வத்தோடு பெயர் கொடுத்திருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு ஜஸாயே கைர் தருவானாக!

இந்த நேரத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பேசிக்கொள்வது நல்லது. தோண்டிய நிலத்தில் மரம் நட்ட அன்றே அந்த நிலத்துக்கு உயிர் வந்துவிடுமா? வந்ததா, வரவில்லையா என்பதை யார் பார்ப்பது? எதை வைத்துத் தெரிந்துகொள்வது? இன்றைய பேச்சு இதைப் பற்றியதுதான்.

பூமியிலிருந்து எடுப்பது ஹராமா?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். பூமியைத் தோண்டுவதே பாவம் என்று மார்க்கம் சொல்லவில்லை. இரும்பில் பெரும் வலிமையும் மனிதர்களுக்குப் பலன்களும் இருப்பதாக அல்லாஹ் தன் திருமறையில் குறிப்பிடுகிறான் (57:25). தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததையும், ஸுலைமான் (அலை) அவர்களுக்குச் செம்பை ஊற்றாக ஓடவைத்ததையும் தன் அருட்கொடைகளாக எடுத்துச் சொல்கிறான் (34:10, 12).

நாம் ஸுஜூது செய்யும் இந்தத் தரையின் கல், சுவரின் சிமெண்ட், தூணுக்குள் இருக்கும் கம்பி, நிக்காஹ் விருந்தில் பிரியாணி ஆக்கும் அலுமினிய தேக்சா எல்லாமே ஏதோ ஓர் ஊரின் பூமியைத் தோண்டி எடுத்தவைதான். நமக்கு வீடு எழும்பியபோது எங்கோ ஒரு குழியும் விழுந்தது. வீட்டை நாம் பார்க்கிறோம். குழியை அந்த ஊர்க்காரர் பார்க்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

எடுத்த பொருளில் கடமை உண்டு என்பதையும் மார்க்கம் சொல்லியிருக்கிறது. பூமிக்குள் கிடைக்கும் ரிகாஸில் ஐந்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்பது ஹதீஸ். சுரங்கத்தில் கிடைப்பதையும் ஹனஃபீ மத்ஹபில் அதே சட்டத்தில் சேர்க்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் சுரங்கத்துத் தங்கம் வெள்ளிக்கு நாற்பதில் ஒரு பங்கு ஜகாத். அளவில் கருத்து வேறுபாடு உண்டு; கடமை உண்டு என்பதில் வேறுபாடில்லை. பூமியிலிருந்து எடுத்தவன் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட முடியாது.

ஏழைக்குரிய பங்கைக் கொடுத்தாகிவிட்டது. அந்த பூமிக்கும், அதில் இருந்த செடிகொடிகளுக்கும், அங்கே குடியிருந்த ஜீவராசிகளுக்கும் உரிய பங்கு?

குழப்பக்காரன் ஒருவனின் அடையாளத்தை அல்லாஹ் சொல்லும்போது இரண்டு சொற்களைப் பயன்படுத்துகிறான். ஒன்று ஹர்ஸ், அதாவது விளைச்சல். மற்றொன்று நஸ்ல், அதாவது உயிரினங்களின் சந்ததி. இந்த இரண்டையும் அழிப்பவனையே குழப்பம் விளைவிப்பவன் என்று அடையாளம் காட்டி, குழப்பத்தைத் தான் விரும்புவதில்லை என்று சொல்கிறான் (2:205). கவனியுங்கள், அழிவுக்கு இரண்டு அளவுகோல். அப்படியானால் சீர்செய்வதற்கும் இரண்டு அளவுகோல் வேண்டாமா? ஹர்ஸ் திரும்பியதா? நஸ்ல் திரும்பியதா? இரண்டையும் பார்த்துத்தான் ஒரு நிலம் மீண்டது என்று சொல்ல வேண்டும்.

கல் நடுவது வேறு, உயிர்ப்பிப்பது வேறு

அரபி மதரஸாவில் ஃபிக்ஹ் பாடத்தில் இஹ்யாவுல் மவாத் என்று ஒரு பாபு உண்டு. இறந்துகிடக்கும் நிலத்தை உயிர்ப்பித்தல் என்பது அதன் பொருள். யாருக்கும் சொந்தமில்லாத தரிசு நிலத்தை ஒருவர் உயிர்ப்பித்தால் அது அவருக்குரியது என்ற கருத்தில் ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதீயிலும் வந்திருக்கிறது. அதற்கு ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்று இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும், தேவையில்லை என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் சொல்கிறார்கள். அந்த விவாதம் இப்போது வேண்டாம். அதே பாடத்தில் வரும் இன்னொரு சொல்லை மட்டும் மனதில் வையுங்கள்: தஹ்ஜீர்.

தஹ்ஜீர் என்றால் நிலத்தைச் சுற்றிக் கல் வைத்து அடையாளம் போடுவது. இந்த இடத்தை நான் எடுத்துக்கொண்டேன் என்று காட்டும் எல்லைக்கல். ஃபுகஹாக்கள் இதை இஹ்யா என்று ஏற்கவில்லை. கல் வைத்ததால் முன்னுரிமை கிடைக்கும், அவ்வளவுதான். கல்லை வைத்துவிட்டு நிலத்தை அப்படியே போட்டுவிட்டால் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அந்த உரிமையும் போய்விடும் என்பது ஹழ்ரத் உமர் (ரழி) அவர்களின் தீர்ப்பு. ஹனஃபீ கிதாபுகளில் இதுவே சட்டமாக எழுதப்பட்டிருக்கிறது.

இந்தத் தீர்ப்புக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மூன்று ஆண்டு கழித்து ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். நிலம் உயிர்பெற்றதா, கல் மட்டும் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பார்க்க ஆள் இல்லாவிட்டால் அந்தச் சட்டத்துக்கே பொருள் இல்லை.

இன்னொரு வரலாறு. பிலால் இப்னு ஹாரிஸ் அல்முஸனீ (ரழி) என்று ஒரு ஸஹாபி. பாங்கு சொன்ன பிலால் (ரழி) அவர்கள் அல்ல, இவர் வேறு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கபலிய்யா என்ற பகுதியின் சுரங்கங்களை இவருக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். முவத்தாவிலும் அபூதாவூதிலும் இந்தச் செய்தி இருக்கிறது. அகீக் என்ற இடத்திலும் இவருக்குப் பரந்த நிலம் கிடைத்திருந்தது. ஹழ்ரத் உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில் பார்த்தபோது, அந்த நிலம் முழுவதையும் இவரால் பராமரிக்க முடியவில்லை. உங்களால் உழைத்துப் பராமரிக்க முடிந்ததை வைத்துக்கொள்ளுங்கள், முடியாததைத் திருப்பிக் கொடுங்கள் என்று கலீஃபா சொன்னார்கள். அவர் தயங்கினார். கலீஃபா விடவில்லை, மீதியை எடுத்து மக்களுக்குப் பங்கிட்டுவிட்டார்கள்.

கொடுத்தவர்கள் ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள். பெற்றவர் ஒரு ஸஹாபி. அப்படியிருந்தும் நிலம் என்ன நிலையில் இருக்கிறது என்ற விசாரணை நடந்தது. அமானத் என்றால் இதுதான்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். மழைக்கு முன் ஒரு நாள் கூடுகிறோம். கன்று நடுகிறோம். பேனர் கட்டுகிறோம். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஃபிக்ஹின் பாஷையில் அதற்குப் பெயர் தஹ்ஜீர். எல்லைக்கல் வைத்திருக்கிறோம். இஹ்யா இனிமேல்தான்.

மொம்பாஸாவின் சுண்ணாம்புக் குழி

இஹ்யா எப்படி இருக்கும் என்பதற்கு நம் காலத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கென்யா நாட்டுக் கடற்கரையில் மொம்பாஸா என்று ஒரு பழைய துறைமுகம். 1331 ஆம் ஆண்டில் இப்னு பதூதா அங்கே போய் இறங்கியபோது, அங்குள்ளவர்கள் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த பேணுதலான முஸ்லிம்கள் என்றும், மரத்தால் நேர்த்தியாகக் கட்டிய பள்ளிவாசல்கள் அங்கே இருந்தன என்றும் குறிப்பிட்டிருக்கிறார்.

அந்த ஊருக்கு வடக்கே பம்பூரி என்ற இடத்தில் 1950களில் சிமெண்ட் ஆலை வந்தது. கடலடியில் பவளப்பாறையாக இருந்து இறுகிப்போன சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்தார்கள். எடுக்க எடுக்கப் பெரிய குழிகள் உண்டாயின. மேல்மண் இல்லை. நிழல் இல்லை. வெள்ளைப் பாறை மேல் வெயில் அடித்தால் கண் கூசும். கொஞ்சம் கீழே உப்பு கலந்த தண்ணீர். உயிர் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

ரெனே ஹாலர் என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர் அந்த ஆலையில் விவசாயப் பணிக்கு வந்தவர். 1970களின் தொடக்கத்தில் இந்தக் குழிக்கு உயிர் கொடுக்கும் முயற்சியில் இறங்கினார். 26 வகை மரங்களை நட்டுப் பார்த்தார். சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது மூன்று வகைதான் பிழைத்திருந்தன. ஒன்று தென்னை. ஒன்று தமாஸ் மரம். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களுக்குச் சாலையோரங்களில் நின்ற அந்த மரத்தைத் தெரிந்திருக்கும். மூன்றாவது, நம் கடற்கரையெல்லாம் நிற்கும் சவுக்கு.

26 வகையை நட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் இந்த மூன்று எது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. திரும்பிப் போய்ப் பார்த்ததால் தெரிந்தது. சவுக்கின் வேர்முடிச்சுகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்கு உணவாக்கிக் கொடுக்கின்றன. அதனால் மண்ணே இல்லாத பாறையிலும் சவுக்கு எழுந்து நின்றது. குழி பச்சையானது.

நாமாக இருந்தால் இந்த இடத்தில் விழா எடுத்து முடித்திருப்போம். அவர் அங்கே நிற்கவில்லை. மரத்தின் மேலே பார்த்ததோடு கீழேயும் பார்த்தார். சவுக்கின் ஊசியிலைகள் விழுந்து குவிந்துகொண்டே இருந்தன. மக்கவில்லை. அந்த இலையில் துவர்ப்புச் சத்து அதிகம், எளிதில் மக்காது. நம் சவுக்குத் தோப்புகளிலும் காலடியில் மெத்தை போலக் கிடக்குமே, அதே கதைதான். இலை மக்காவிட்டால் மண் உருவாகாது. மண் உருவாகாவிட்டால் அடுத்த செடி வராது. மேலே பச்சை, கீழே மரணம்.

உற்றுக் கவனித்தபோது ஒரு பூச்சி அந்த இலையைத் தின்பது தெரிந்தது. என்ன பூச்சி தெரியுமா? நாம் ரயில் பூச்சி என்று சொல்கிறோமே, அந்த மரவட்டை. அங்கேயும் அதற்கு மொம்பாஸா ரயில் என்றுதான் செல்லப்பெயர்! சிவந்த கால்களுடைய அந்த மரவட்டைகளை நூற்றுக்கணக்கில் கொண்டுவந்து விட்டார்கள். அவை இலையைத் தின்று கழித்தது மண்ணாக மாறத் தொடங்கியது. மண் சேர்ந்ததும் அந்த மண்ணுக்குரிய உள்ளூர் மரங்களை நட்டார்கள். பறவைகளும் குரங்குகளும் விதைகளைக் கொண்டுவந்து போட்டன. குளங்களில் மீன் வந்தது. நீர்யானை, ஒட்டகச்சிவிங்கி, மான் வகைகள் எல்லாம் இன்று அங்கே வாழ்கின்றன. 1987 இல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு அவரைக் கௌரவித்தது. அந்த இடம் இன்று அவர் பெயரிலேயே ஹாலர் பூங்கா.

2004 டிசம்பர் சுனாமியை நம் கடற்கரை மக்கள் மறக்கவே முடியாது. அதே நாட்களில் கென்யக் கடலோரத்தில் தாயைப் பிரிந்து கரையருகே சிக்கிக்கொண்ட நீர்யானைக் குட்டி ஒன்றை மீட்டு இந்தப் பூங்காவுக்குத்தான் கொண்டுவந்தார்கள். அங்கே இருந்த ஒரு கிழட்டு ஆமையோடு அது ஒட்டிக்கொண்ட செய்தி உலகமெல்லாம் பரவியது. ஒரு காலத்தில் புல்லுக்கும் இடம் கொடுக்காத குழி, ஓர் அநாதை ஜீவனுக்கு அடைக்கலம் கொடுத்தது. சுப்ஹானல்லாஹ்!

எறும்புகளிடம் சாட்சி கேட்டவர்கள்

இரண்டாவது உதாரணம் ஆஸ்திரேலியாவின் தென்மேற்கிலிருந்து. அங்கே ஜர்ரா என்ற உறுதியான மரங்கள் நிறைந்த காடு. அந்தக் காட்டுக்கு அடியில் அலுமினியம் எடுக்கும் பாக்சைட் தாது. 1963 முதல் தோண்டுகிறார்கள். எடுத்து முடித்த இடத்தில் மீண்டும் காட்டை வளர்ப்பது அங்கே கடமை.

ஆரம்ப காலத்தில் அந்தக் காட்டுக்குச் சொந்தமில்லாத, வேறு பகுதியின் யூகலிப்டஸ் மரங்களைக் கூட நட்டார்கள். பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் அது ஜர்ராக் காடு இல்லை. பிறகு முறை மாறியது. புதிய குழி தோண்டுமுன் மேல்மண்ணைத் தனியாக வழித்தெடுத்து, வேலை முடிந்த குழியில் தாமதிக்காமல் பரப்பினார்கள். அந்த மேல்மண்ணில்தான் காட்டுச் செடிகளின் விதைகள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. 9 மாதம் ஆனதும் கன்றுகளை எண்ணுவார்கள். 15 மாதம் ஆனதும் எத்தனை வகைச் செடி வந்திருக்கிறது என்று பட்டியல் எடுத்து, பக்கத்தில் தோண்டாத காட்டின் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் முறையை மாற்றுவார்கள்.

செடியை மட்டும் எண்ணவில்லை. 1970களிலிருந்து ஜொனாதன் மேஜர் என்ற ஆய்வாளர் அந்தக் குழிகளில் எறும்புகளை எண்ணினார். ஏன் எறும்பு? மண்ணைக் கிளறுவது எறும்பு. விதையைச் சுமந்து சென்று புதைப்பது எறும்பு. சிறு பூச்சிகளைக் கட்டுக்குள் வைப்பதும் எறும்பு. எத்தனை வகை எறும்பு திரும்பி வந்திருக்கிறது என்று பார்த்தால், அந்த நிலம் எவ்வளவு குணமாகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். செடிவகை அதிகமான இடத்தில், சருகு சேர்ந்த இடத்தில் எறும்பு வகைகளும் அதிகமாக இருந்தன. ஆண்டுகள் பல கழிந்த பிறகும் அந்த எறும்புக் கூட்டம் பக்கத்துக் காட்டின் கூட்டத்தோடு முழுமையாக ஒத்துப்போகவில்லை என்பதையும் அதே எறும்புகள்தான் காட்டிக்கொடுத்தன.

கண்ணியமிக்கவர்களே! எறும்பின் பெயரில் ஒரு ஸூராவே இறக்கியவன் நம் ரப்பு. பெரும் படையோடு வந்த ஸுலைமான் (அலை) அவர்கள் ஓர் எறும்பின் பேச்சைக் கேட்டுப் புன்னகைத்தார்கள். அந்த இடத்திலேயே தன் ரப்புக்கு நன்றி செலுத்த வாய்ப்புக் கேட்டு துஆ செய்தார்கள் (27:18, 19). தன் காலடியில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை அறிந்து நடந்த அரசர் அவர். பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்கள் என்று குர்ஆன் சொல்கிறதே (6:38), ஒரு குழி தோண்டும்போது நாம் எத்தனை சமுதாயங்களைக் குடிபெயர்க்கிறோம்? அவர்கள் திரும்பி வந்துவிட்டார்களா என்று கேட்பது நம் மீதுள்ள ஹக்கு.

அந்தக் காட்டிலிருந்து இன்னொரு பாடம். கறுப்பு நிறக் காகட்டூக் கிளிகள், மீட்ட நிலத்தில் சில ஆண்டுகளிலேயே இரை தேடி வந்துவிட்டன. ஆனால் அவை கூடு வைப்பது பெரிய மரங்களின் பொந்துகளில். அப்படிப் பொந்து விழ ஒரு மரத்துக்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். சாப்பிட வந்த பறவை தங்க வரவில்லை. பறவையைப் பார்த்தோம் என்று எழுதினால் போதாது. கூடு கட்டியதா, குஞ்சு பொரித்ததா என்று பார்க்க வேண்டும். அல்லாஹ் நஸ்ல் என்று சொன்னது இதைத்தானே! வந்து போவது வேறு, சந்ததி பெருகுவது வேறு. சில இழப்புகள் நம் ஆயுளில் திரும்பாது என்பதையும் இதிலிருந்து புரிந்துகொள்ள வேண்டும். தோண்டுவதற்கு முன் நூறு முறை யோசிக்கச் சொல்வது இதனால்தான்.

நம் நாட்டிலும் இதற்குச் சட்டம் இருக்கிறது. சுரங்கம் நடத்துபவர்கள் வேலை முடிந்ததும் அந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, கால்நடைத் தீவனமும் தாவரங்களும் விலங்குகளும் வளரத்தக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகச் சேர்க்கும்படி உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் உத்தரவிட்டது. புல்லும் ஜீவனும் சேர்ந்தே சொல்லப்பட்டிருக்கின்றன. இந்தத் தொழிலில் இருக்கும் சகோதரர்கள், குவாரி குத்தகை எடுத்தவர்கள், லாரி, பொக்லைன் வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது ஒரு வாக்குறுதி. வாக்குறுதி பற்றி மறுமையில் விசாரணை உண்டு.

நம் குழியில் என்ன செய்யலாம்?

சரி, நம் வக்ஃபு நிலத்துக்கு வருவோம். நம் குழி சிறியது. பெரிய ஆய்வாளர்கள் வரப்போவதில்லை. ஆனால் பார்க்கும் கண்ணும் எழுதும் கையும் நமக்கு இருக்கின்றன.

முதல் வேலை, மழைக்கு முன் சுற்றிலும் வேலி. தண்ணீர் நிறைந்த குழியில் குளிக்கப் போய்ப் பிள்ளைகள் மூழ்கிய செய்தி மழைக்காலம்தோறும் ஏதோ ஓர் ஊரிலிருந்து வருகிறது. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று. மரத்துக்கு முன் மனித உயிர்.

இரண்டாவது, நடுவதற்கு முன்பே இப்போது என்ன இருக்கிறது என்று எழுதி வையுங்கள். கிராவல் சுவரின் பொந்துகளைத் தூர்க்காதீர்கள். அந்தச் செங்குத்துச் சுவரில்தான் பஞ்சுருட்டானும் மீன்கொத்தியும் வளை தோண்டி முட்டையிடும். சீர்செய்கிறோம் என்று போய் ஏற்கெனவே குடியிருப்பவரை விரட்டிவிடக் கூடாது.

மூன்றாவது, பச்சையைப் பார்த்து ஏமாறாதீர்கள். விட்டுவிட்டால் சீமைக் கருவேலம் தானாக வந்து குழியை மூடிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் காடு மாதிரிதான் தெரியும். பக்கத்தில் தோண்டாத நம் மேட்டுநிலத்தில் வேம்பு, இலந்தை, நாவல், பனை, புல் வகைகள் என்று எத்தனை இருக்கின்றன? அதைப் பட்டியல் எடுங்கள். அதுதான் நம் மீஸான், நம் தராசு. குழியை அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

நான்காவது, ஒரு நோட்டுப் புத்தகம். மீட்டருக்கு மீட்டர் சதுரமாக பத்து இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, மழை ஓய்ந்த தை மாதத்திலும் கோடை தாண்டிய ஆவணியிலும் அதே இடத்தில் எண்ணுங்கள். இதற்கு ஹிஜ்ரி மாதத்தைக் கணக்கு வைக்காதீர்கள். அது ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகரும், பருவம் மாறிப்போகும். நட்ட கன்றில் எத்தனை பிழைத்தது என்று எழுதுங்கள். அதைவிட முக்கியம், நாம் நடாமல் தானாக முளைத்தது எத்தனை என்பது. நாம் நட்டது நம் வேலை. தானாக முளைத்தது அல்லாஹ் நம் வேலையை ஏற்று பரக்கத் செய்வதன் அடையாளம்.

ஐந்தாவது, ஒரே இடத்தில் ஒரு கல்லை ஊன்றி, அதன் மேல் நின்று ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் படம் எடுங்கள். ஐந்து ஆண்டுப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதுவே பேசும்.

ஆறாவது, பறவை. ஃபஜ்ரு தொழுதுவிட்டு நடைப்பயிற்சி போகும் பெரியவர்களே, இது உங்களுக்கான வேலை. பறவைகள் அதிகம் பேசும் நேரம் அதுதான். மாதம் ஒரு நாள் அரை மணி நேரம் குழியோரம் உட்கார்ந்து, என்ன வந்தது, என்ன கூடு வைத்தது என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். எறும்பைப் பார்க்கப் பொறி வைத்துக் கொல்ல வேண்டாம். எறும்பைக் கொல்வதைத் தடுத்து அபூதாவூதில் ஹதீஸ் உண்டு. ஒரு காகிதத்தில் சிட்டிகை சர்க்கரை வைத்தால் அவையே வந்து கையெழுத்துப் போடும்.

கடைசியாக, ஆண்டுக்கு ஒரு ஜும்ஆவில் அந்த நோட்டை இந்த மிம்பருக்கு முன்னால் வாசிக்க வேண்டும். நூறு நட்டோம், அறுபது செத்தது என்றால் அப்படியே வாசியுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. மொம்பாஸாவில் 26 இல் 23 வகை செத்தது. அதை மறைத்திருந்தால் இன்று அங்கே பூங்கா இல்லை.

சிறிதானாலும் தொடர்ந்து

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ, பறவையோ, கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதக்கா என்ற கருத்துள்ள ஹதீஸை எல்லோரும் கேட்டிருக்கிறோம். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நன்மை எப்போது எழுதப்படுகிறது என்று பாருங்கள். யாரோ வந்து உண்ணும்போது! அதுவரை அந்த மரம் பிழைத்திருக்க வேண்டும். பறவை திரும்பி வந்திருக்க வேண்டும். ஹர்ஸும் நஸ்லும் ஒரே ஹதீஸில் சேர்ந்து நிற்கின்றன.

அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமான அமல், சிறிதானாலும் விடாமல் செய்யப்படுவது என்றும் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். நடுவது ஒரு நாள் அமல். தண்ணீர் ஊற்றுவது, வேலியைப் பார்ப்பது, எண்ணி எழுதுவது இதெல்லாம் சிறிய அமல். படம் எடுத்துப் போட அதில் ஒன்றும் இருக்காது. ஆனால் அதுதான் பிரியமான அமல்.

நம் உள்ளத்துக்கும் இதுவே கணக்கு. ரமளானில் அழுது தவ்பா செய்கிறோம். அது கன்று நட்ட நாள். ஷவ்வாலில் திரும்பிப் பார்த்தோமா? ஸஃபரில் பார்த்தோமா? விட்ட பாவம் சீமைக் கருவேலம் போலத் திரும்ப முளைத்திருக்கிறதா? மறுமையில் கணக்குக் கேட்கப்படுவதற்கு முன் உங்களை நீங்களே கணக்குப் பாருங்கள் என்று ஹழ்ரத் உமர் (ரழி) அவர்கள் உபதேசித்தது உள்ளத்துக்கும் பொருந்தும், நிலத்துக்கும் பொருந்தும்.

அன்பர்களே! இந்தக் குழியிலிருந்து எடுத்த கிராவலின் வருமானம் நம் வக்ஃபுக்கு வந்தது. நன்மை நமக்கு வந்துவிட்டது, கடன் பூமியிடம் பாக்கி இருக்கிறது. கடனாளி இறந்தால் ஜனாஸாவில் நின்று, கடன் இருக்கிறதா என்று கேட்கிறோம். ஒரு ஜமாஅத்தின் கடனை யார் கேட்பது? நம் பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு மேல் அல்லாஹ் கேட்பான்.

யா அல்லாஹ்! நீ எங்களுக்குக் கொடுத்த பூமியை அமானத்தாகப் பேணும் தவ்ஃபீக்கைத் தருவாயாக! நாங்கள் தோண்டிய இடங்களில் உன் ரஹ்மத்தின் மழையை இறக்குவாயாக! குடிபெயர்ந்த ஜீவன்களைத் திரும்பக் கொண்டுவருவாயாக! தொடங்கிய நற்காரியங்களை விடாமல் செய்யும் உறுதியை எங்கள் இளைஞர்களுக்குத் தருவாயாக! சுரங்கங்களிலும் குவாரிகளிலும் உழைத்து உயிர்விட்டவர்களின் குடும்பங்களுக்கு நீயே பொறுப்பேற்பாயாக! எங்கள் உள்ளங்களையும் எங்கள் நிலங்களையும் உயிர்ப்பிப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.